ஆஃப் பண்ணியாச்சு மச்சான்

எனக்கு வாய் அதிகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்கிற சிரமம் வேண்டாம். பைக் ரேஸ் ஓட்டிய காலத்தில் நான் வாங்கிய கோப்பைகள் குறைவு, அவற்றைப் பற்றிப் பேசிய பேச்சு அதிகம். உச்சிப்புளியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில், மானாவாரி நெல்லும் மிளகாயும் போடுகிற வீட்டில் பிறந்தவன், சென்னைப் பக்கத்து ட்ராக்கிலும் கோயம்புத்தூர் ட்ராக்கிலும் போய் வண்டி ஓட்டுகிறான் என்றால் ஊர் கேட்கத்தான் செய்யும். கேட்கக் கேட்க நானும் பேசினேன்.

பேச்சில் பாதி என் வலது கையைப் பற்றியதாக இருக்கும். ஆக்சிலேட்டரைத் திருகுகிற கை. தனுஷ்கோடி ரோட்டில் பழகிய கை என்பேன். அந்த ரோட்டில் காற்று எந்நேரமும் மணலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும். மணல் படிந்த இடத்தில் வேகமாகப் போனால் பின்சக்கரம் ஒரு பக்கமாக வழுக்கத் தொடங்கும். அது முதலில் கண்ணுக்குத் தெரியாது, உட்கார்ந்திருக்கிற இடத்துக்குத்தான் தெரியும். உடனே கை ஆக்சிலேட்டரை ஒரு நூல் அளவு விட வேண்டும். மொத்தமாக விட்டால் வண்டி தூக்கி எறியும், விடாமல் பிடித்தால் கீழே தள்ளும். அந்த ஒரு நூல்தான் வித்தை. அது எனக்கு வந்திருந்தது. இதில் பீற்றல் எதுவும் இல்லை, அப்போது உண்மையாகவே வந்திருந்தது.

நான் முதலில் ஓட்டிய வண்டிகளில் அந்த வேலையைச் செய்யக் கையை விட்டால் வேறு கதி கிடையாது. பிறகு வந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் வந்தது. முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் வேகமாகச் சுற்றினால், வண்டி வழுக்குகிறது என்று அதுவே கண்டுபிடித்து, ஓட்டுகிறவனைக் கேட்காமல் இன்ஜினின் இழுவையைக் கொஞ்சம் குறைத்துவிடும். டிராக்ஷன் கன்ட்ரோல் என்று பெயர். பிரேக்கை இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஒன்று, முன்சக்கரம் தூக்காமல் இருக்க இன்னொன்று. எனக்கு இவை எதையும் கண்டாலே ஆகாது. பிள்ளைகள் தள்ளிப் பழகுகிற நடைவண்டி என்று கேலி செய்வேன். எங்கள் பக்கம் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்தை இழுப்பேன். சாரதி தூங்கினாலும் மாடு தானாக ஓடி ஜெயிக்கும் என்றால், மாலையை மாட்டுக்குப் போடுங்கள், சாரதிக்கு எதற்கு என்பேன். டீக்கடையில் எல்லோரும் சிரிப்பார்கள்.

சிரிக்காதவர் ஒருவர் உண்டு. என் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை. உச்சிப்புளியில் ராமேஸ்வரம் ரோட்டை ஒட்டி அவருக்கு ஒரு பைக் ஒர்க்ஷாப். சத்தம் போட்டுப் பேச மாட்டார். பக்கத்து நேவி தளத்து விமானம் தலைக்கு மேல் போகும்போது நாங்களெல்லாம் கத்திப் பேசுவோம், அவர் அது போய் முடியும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து சொல்வார். புது வண்டிகள் வரத் தொடங்கியதும், ஊரில் யாருக்கும் தெரியாமல் மதுரைக்குப் போய்வந்து, லேப்டாப்பை வண்டியில் மாட்டி அதன் மூளையைத் திருத்துகிற வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். துபாயில் கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் ஒருவர் ரேஸ் பைத்தியம். அவர் எனக்கென்று ஒரு பெரிய வண்டியை வாங்கிக் கொடுத்தபோது, அதில் நான் சொன்ன எல்லா நடைவண்டிகளும் இருந்தன. மாப்பிள்ளை மெக்கானிக்காக என்னோடு வந்தார். எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள், ஓட்டுவது நானாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு முறை ட்ராக்கில் இறங்கும் முன்பும் கேட்பேன். அவரும் கையைத் துணியில் துடைத்தபடி, "ஆஃப் பண்ணியாச்சு மச்சான்" என்பார்.

முதல் வருடம் அது உண்மைதான். அந்த வருடத்தின் கடைசி ரேஸுக்கு முன்னால், கோயம்புத்தூரில் பயிற்சி ஓட்டத்தில் விழுந்தேன். விழுந்த வேகத்துக்கு அடி குறைவு. வலது முழங்கை எலும்பு மட்டும் விரிசல் விட்டு, கட்டுப் போட்டு, அது சேர்ந்தும் விட்டது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தே கிடந்தன. முழங்கையில் ஓடுகிற நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம், ரேஸை யோசித்துச் செய்யுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து எல்லோரிடமும் சரியாகிவிட்டது என்றேன்.

ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முன்பிரேக்கைப் பிடிக்க ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விடும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரைப் பிடித்து வைத்திருப்பது மிச்சமிருக்கும் அந்த இரண்டு விரல்கள்தான். நூல் அளவு என்றேனே, அதை அறிந்த விரல்கள் அவை. போனதும் அவைதான். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கை வீட்டில் ஒருநாள் சாப்பிடும்போது ரசச் சோறு விரலிடுக்கில் வழிந்து வேட்டியில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தலையைத் தூக்கினால் அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு நிறைமாதம். ஒரு ஈரத் துணியை எடுத்து வந்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடம். முதல் ரேஸில் மூன்றாவது இடம், அடுத்ததில் இரண்டாவது. வண்டியின் டாஷ்போர்டில் கீழ்ப் பாதியை மாப்பிள்ளை கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தார். வெயில் பட்டுக் கண் கூசுது என்று சொன்னீர்களே என்றார். நான் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை, ஆனாலும் சரி என்று விட்டுவிட்டேன். நீளமான ஒரு வலது வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் இன்ஜின் விக்கல் எடுத்தது போல லேசாகத் திணறும். பெட்ரோலில் ஏதோ கோளாறு என்று அவரிடம் சொன்னேன். "பாக்குறேன் மச்சான்" என்றார். அது என்ன திணறல் என்று இத்தனை வருடம் ஓட்டியவனுக்குத் தெரியாதா என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். தெரிந்திருக்கும். தெரிந்ததைப் பார்க்காமல் இருக்கவும் ஒரு திறமை வேண்டும், அது என்னிடம் ஏராளமாக இருந்தது.

இரண்டாவது இடம் வந்ததற்கு ராமநாதபுரத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். என் படத்தைப் போட்டு, கம்ப்யூட்டரை நம்பாத கை என்று ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தார்கள். வாசகம் என்னுடையதுதான், கேட்டபோது நானே சொல்லிக் கொடுத்தது. மேடையில் அரை மணி நேரம் பேசினேன். வண்டியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால் மேலே எதற்கு மனிதன், ஒரு மூட்டை உப்பைக் கட்டி அனுப்பலாமே என்றேன். நல்ல கைதட்டல். கடைசி வரிசையில் மாப்பிள்ளை தன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். குழந்தை முழித்துவிடாமல், கைதட்டலுக்குப் பதிலாக ஒற்றைக் கையால் தன் தொடையில் தட்டினார்.

மூன்றாவது ரேஸ் சென்னைப் பக்கத்தில். அதிலும் இரண்டாவதாக வந்தேன். மாப்பிள்ளை டயரைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தார். லேப்டாப் திறந்தபடி இருந்தது. பக்கத்து அணியின் இன்ஜினியர் கைகொடுக்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி அளவில் டிராக்ஷன் கன்ட்ரோலை வைத்திருக்கிறாரே உங்கள் ஆள், இவ்வளவு மென்மையாக வைத்து நான் பார்த்ததில்லை என்றார். நீலக் கோட்டைக் காட்டி, இது உங்கள் கை என்றார். சிவப்புக் கோட்டைக் காட்டி, இது வண்டி உங்களைப் பிடித்த இடம் என்றார். அந்த நீளமான வலது வளைவில் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கை அதிகமாகத் திருகுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு ஏறுகிறது, இது மட்டும் இல்லாவிட்டால் முதல் சுற்றிலேயே விழுந்திருப்பீர்கள் என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. பாராட்டினார். சுற்றி நின்ற பத்துப் பேருக்கும் கேட்டது.

மாப்பிள்ளை திரும்பி வந்ததும், "ஏலே, யாரைக் கேட்டு இதப் பண்ணின?" என்றேன். தங்கை புருசனை ஏலே என்று கூப்பிடுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எவ்வளவு சின்னவர் ஆனாலும் வாங்க, போங்கதான். அவர் பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன்பு அடித்துவிட்டேன். கன்னத்தில், எல்லோர் முன்பும். அடித்த கையில் பாதி எரிந்தது. பாதிக்கு எதுவும் தெரியவில்லை.

அவர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. "உங்க தங்கச்சிதான் சொல்லுச்சு மச்சான், கை போச்சுன்னு. ரேஸை விடுங்கன்னா விடுவீங்களா நீங்க? விழுகாமப் பாத்துக்கத்தான என்னால முடியும்" என்றார். பிறகு ஸ்பேனர்களை அளவு வாரியாகப் பெட்டியில் அடுக்கினார். ஒரு தாளில் ஏதோ எழுதி லேப்டாப்பின் மேல் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். தாளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் நிஜமாகவே அணைப்பது எப்படி என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு, எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்.

கடைசி ரேஸுக்கு அந்தத் தாளின்படி எல்லாவற்றையும் அணைத்தேன். கறுப்பு டேப்பைப் பிய்த்தேன். டிராக்ஷன் கன்ட்ரோல் வேலை செய்யும்போதெல்லாம் மின்னுகிற விளக்கு அதற்கு அடியில்தான் இருந்தது. பயிற்சியில் இறங்கினேன். விழவில்லை. விழுந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது மிஞ்சியிருக்கும். முதல் வளைவிலேயே ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உணர்வில்லாத விரலை நம்பப் பயந்து ஒவ்வொரு வளைவிலும் அளவுக்கு மீறி வேகத்தைக் குறைத்தேன். அந்த வருடம்தான் வந்த பையன்கள் இடமும் வலமுமாகத் தாண்டிப் போனார்கள். நாலு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்து, கியர்பாக்ஸ் சரியில்லை என்று கீழக்கரைக்காரரிடம் போனில் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதற்குப் பிறகு நான் ரேஸ் ஓட்டவில்லை.

அந்தக் கருவிகளைப் பற்றி இப்போது யாராவது கேட்டால் முன்பு மாதிரி வசனம் பேச முடியவில்லை. எங்கே பிரேக் பிடிப்பது, எந்த இடத்தில் வண்டியைச் சாய்ப்பது என்று அது சொல்லித் தராது. கெட்டிக்காரன் கையில் இருந்தால் அவனை இன்னும் கொஞ்சம் துணியவைக்கும். மற்றபடி, நாம் தவறிவிட்டோம் என்பது நமக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். நான் வெறுத்தது அதைத்தான். திறமை பெரிதா கருவி பெரிதா என்று நான் போட்ட சண்டையெல்லாம், யாரும் என்னைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை என்று காட்டுவதற்குப் போட்ட சண்டை.

மூன்று மாதம் தங்கை வீட்டுப் பக்கம் போகவில்லை. ஒர்க்ஷாப்பைத் தாண்ட வேண்டியிருந்தால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வேன். பிறகு தங்கை போன் செய்தாள். குழந்தைக்குப் பதினோராம் மாதம், முடியெடுத்துக் காதுகுத்த நாள் பார்த்தாயிற்று என்றாள். "அவரு ஒண்ணும் மனசுல வைக்கலண்ணே. தாய்மாமன் மடி இல்லாம எப்பிடிக் குத்துறது, நீ வந்து உக்காந்தாப் போதும்" என்றாள்.

போனேன். தாய்மாமன் சீராகத் தோடும் பட்டுப்பாவாடையும் பழத்தட்டும் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கிற வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கண்மாய்க் கரையில் அவர்கள் குலதெய்வக் கோயில். மாப்பிள்ளை வாசலுக்கே வந்து, "வாங்க மச்சான்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். நான் வாயைத் திறந்து, இந்த வருடம் வெயில் ஜாஸ்தி என்றேன்.

குழந்தைக்கு மொட்டை அடித்துக் குளிப்பாட்டி, தலை முழுக்கச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். சந்தனம் இன்னும் காயவில்லை. ஜமுக்காளத்தில் நான் சம்மணம் போட்டு உட்கார, அவளை என் மடியில் வைத்தார்கள். அதற்கு முன் அவளை நான் தூக்கியதே இரண்டு மூன்று முறைதான். என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமர்த்தாக இருந்தாள். வலது பக்கத்தை என் நெஞ்சோடு அணைத்து, இடது காது வெளியே தெரிகிற மாதிரி திருப்பி, வலது உள்ளங்கையால் தலையைப் பிடித்தேன். ஆசாரி ஊசியைத் துடைத்து எடுத்தார்.

மாப்பிள்ளை என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "தலைய நானும் புடிச்சுக்கிறேன் மச்சான்" என்று என் கையின் மேல் தன் கையை வைத்தார். பின்னால் இருந்து அவர் வீட்டுப் பெரியவர் ஒருவர், தாய்மாமன் பிடிக்கட்டும்ப்பா, ரேஸ் ஓட்டுகிற கை, அதுக்கு எதுக்குத் துணை என்றார். கேலிதான், கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சென்னை ட்ராக்கில் பத்துப் பேர் நடுவே நின்றது போல் காது சூடேறியது. "நான் புடிச்சிருக்கேன் மாப்ள, கைய எடுங்க" என்றேன். தங்கை, அண்ணே என்று ஒரு சொல் சொன்னாள். நான் அவளைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கையை எடுத்துக்கொண்டார்.

நான் பிடித்துத்தான் இருந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் பிடித்திருந்தேன் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் ஈரச் சந்தனத்தில் அந்த இரண்டு விரலும் எப்போது வழுக்கி இறங்கின என்று எனக்குத் தெரியாது. ஊசி பட்டதும் அவள் தலையை வெடுக்கென்று திருப்பினாள். ஊசி காதுமடலின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சின்னக் காது, ஆனால் அவ்வளவு ரத்தம். சந்தனத்தில் கோடு போட்டு என் வேட்டிக்கு இறங்கியது. அவள் அழுகை வெளியே வராமல் சில நொடி வாயைத் திறந்தபடியே இருந்தாள். அந்தச் சில நொடிகளை நான் இன்னும் தாண்டவில்லை.

மாப்பிள்ளை அவளை வாங்கித் துணியால் காதை அழுத்திப் பிடித்தார். கோபப்படுவார், அன்றைக்கு நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்து, "கை புடிக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல மச்சான்" என்றார்.

"தெரியும்" என்றேன். அடிபட்ட பிறகு என் கையைப் பற்றி நான் ஒருவரிடம் சொன்ன முதல் உண்மை அது.

ஒற்றைக் காதோடு எழுந்திருக்கக் கூடாது, நேரம் தாண்டுவதற்குள் மறு காதைக் குத்திவிடுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்கள் பெரியவர்கள். ஆசாரி என்னைப் பார்த்தார். நான் மடியைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினேன். மாப்பிள்ளை என் பக்கத்திலேயே, அதே ஜமுக்காளத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தாய்மாமன் உட்கார்ந்திருக்கும்போதே அப்பன் மடியில் காதுகுத்துவதை அந்தக் கோயிலில் அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வலது காது ஒரே குத்தில் முடிந்தது.

இடது காதில் ராமநாதபுரத்தில் இரண்டு தையல் போட்டார்கள். ஒரு வருடம் கழித்து ஆஸ்பத்திரியிலேயே கொஞ்சம் மேலே தள்ளி வேறு துளை போட்டார்கள். அதனால் ஒரு தோடு மேலேயும் ஒன்று கீழேயுமாக இருக்கும். தங்கை வீட்டுக்கு இப்போது போய்வருகிறேன். காபி கொடுப்பாள், பேசுவாள். நான் மன்னிப்புக் கேட்டாயிற்று, இருவரும் மன்னித்தாயிற்று. யாரும் எதையும் மனதில் வைக்கவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

குழந்தை இந்த வருடம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள். வகுப்பில் யாரோ அவள் தோட்டைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள் போல. போன வாரம் ஒர்க்ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஓடி வந்து என் மடியில் ஏறி, கண்ணாடியில் பார்ப்பது போல் என் முகத்துக்கு நேரே இரண்டு காதையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"நான்தான் மாமா அன்னைக்குத் தலைய ஆட்டிட்டேனாம். ஒங்க வேட்டியெல்லாம் ரத்தமாக்கிட்டேனாம். அம்மா சொன்னாங்க" என்றாள். குரலில் ஒரு வெட்கம், செய்த தப்பை ஒப்புக்கொள்கிற மாதிரி.

இரண்டடி தள்ளி மாப்பிள்ளை ஒரு வண்டியின் செயினை இறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அப்படியே நின்றது. அவர் நிமிரவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். மேலே விமானம் எதுவும் போகவில்லை, ரோட்டில்கூடச் சத்தம் இல்லை. இல்லைம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரவாயில்லைம்மா என்றேன்.